காளிதாஸின் குளியலறைக் கதவு

மணி எட்டேகால். குளியலறைக் கதவு திறக்கவில்லை.

"திலகா! ஏய் திலகா!" என்று உள்ளேயிருந்து கத்தினார் காளிதாஸ். இடுப்பில் துண்டு, தலையில் சோப்பு நுரை.

மெர்லிமாவ் தாமான் குடியிருப்பில் அவர் வீட்டின் பின்பக்கத்தை இழுத்துக் கட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் தனபாலன் மாட்டிவிட்டுப் போன கதவு அது. மழை பெய்தால் ஊதிப்போய் நிலையை இறுகப் பிடித்துக்கொள்ளும். மாற்றித் தரச்சொல்லி ஆறு மாதம் நடையாய் நடந்து, கடைசியில் நடுவர் மன்றத்தில் புகார் கொடுத்துவிட்டார் காளிதாஸ். இன்று பத்து மணிக்கு விசாரணை. மன்றமோ மலாக்கா டவுனில். போகாவிட்டால் கேஸ் தள்ளுபடி. தனபாலன் மீசையை முறுக்கிக்கொண்டு சிரிப்பான். நினைத்தாலே காளிதாஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லா தள்ளுங்க லா!" என்றாள் மனைவி திலகவதி.

"தள்ளிக்கிட்டுத்தான் இருக்கேன்!"

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு விமலன் பாராங் கத்தியோடு ஓடிவந்தான். "தள்ளி நில்லுங்கண்ணே. ரெண்டே வெட்டு, கதவு காலி."

"டேய், தொட்டே கொன்னுருவேன்! கேஸே அந்தக் கதவு மேலதான்டா. அதுதான் என் சாட்சி. வெட்டிட்டா எதைக் காட்டுறது?"

சாட்சிக்குச் சேதமில்லாமல் ஆளை மீட்கும் வேலை தொடங்கியது. திலகவதி இடுக்கில் தேங்காய் எண்ணெய் ஊற்றினாள். அது அடியால் உள்ளே ஓடி, காளிதாஸ் வழுக்கி விழுந்து எழுந்தார். விமலன் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான். கைப்பிடி மட்டும் அவனோடு வந்தது. சன்னல் வழியே வரலாமென்றால், திருட்டுப் பயத்தில் அதற்குக் கம்பி அடித்து வைத்தவரே காளிதாஸ்தான்.

மணி ஒன்பது.

"மன்றத்துக்கு போன் அடிச்சு லேட்டாகும்னு சொல்லு. லெட்டர்ல நம்பர் இருக்கும்!"

திலகவதி சாமி மேடையிலிருந்து கடிதத்தை எடுத்து வந்தாள். "என்னங்க, மேலே தேதியும் டைமும் தெரியுது. கீழே ஒண்ணும் தெரியல."

"ஏன்?"

"கேஸ் ஜெயிக்கணும்னு, லெட்டர் வந்த அன்னைக்கு நீங்க வேலை விட்டு வர்றதுக்குள்ள நாலு மூலையிலயும் மஞ்சள் பூசினேன். கீழ கொஞ்சம் தாராளமா போயிருச்சு."

"சுரண்டிப் பாரு!"

"பார்த்தேங்க. எழுத்தும் கூடவே வந்துருச்சு."

மணி ஒன்பதேகால். இப்போது கிளம்பினால்தான் உண்டு. காளிதாஸ் ஒரு முடிவுக்கு வந்தார். சாட்சி போனால் போகட்டும். ஆள் போகாமல் இருக்கக் கூடாது. வாயாலேயே பேசி ஜெயிக்க வேண்டியதுதான்.

"விமலா, வெட்டுடா!"

விமலன் வெளியிலிருந்து வெட்ட, காளிதாஸ் உள்ளிருந்து உதைத்தார். ஆறு மாதக் கோபமும் அந்த உதையில் இருந்தது. கதவு நொறுங்கி விறகாய்ச் சிதறியது. துண்டுக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு, காலில் மாட்ட நேரமில்லாமல் சிலுவாரைக் கையில் பிடித்தபடி மோட்டார் சைக்கிளை நோக்கிப் பாய்ந்தார்.

கேட்டுக்கு வெளியே ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. கழுத்துப் பட்டை கட்டிய அதிகாரி ஒருவர் இறங்கினார். அவர் பின்னால் தனபாலன். கடைசியாக, கோப்புக் கட்டை அணைத்துக்கொண்டு மன்றத்து அலுவலகக் கிராணிப் பெண்.

அவள் காளிதாஸைப் பார்த்துச் சிரித்தாள். "அவசரப்படாதீங்க அங்கிள், லெட்டர்ல எழுதினபடி விசாரணை இங்கேதான், அந்தக் கதவை நேர்ல பார்த்துட்டுத்தான் ஐயா தீர்ப்பு சொல்லுவாரு, கொஞ்சம் காட்டுறீங்களா?"