பங்கசரின் தேயிலை வட்டு

ஒஸ்லோவில் உள்ள தமிழர்களில் பேய்க்குப் பயப்படாத ஒரே மனிதர் பங்கசர்தான். பேய் நேரில் வந்தால், கையைக் கழுவிவிட்டு வந்து இரு, தேத்தண்ணி ஊற்றுகிறேன் என்று சொல்லக்கூடிய ஆள்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் ட்வெய்ட்டா அடுக்குமாடியில் ஒருவருக்கும் நினைவில்லை. சீனாவின் பழைய தேயிலை என்றால் உயிர். பழையது என்றால் குசினியில் மறந்துபோன பக்கெற் அல்ல. இலையை ஆவியில் அவித்து, வட்டாக அமுக்கி, வருஷக்கணக்காக ஈரக்காற்றில் புளிக்க வைப்பது. பார்த்தால் வறட்டி. மணந்தால் கனகாலம் பூட்டிக் கிடந்த வீடு. முதன்முதலில் அதைக் கண்ட என் கணவர், "இது பூஞ்சணம், பங்கசு பிடிச்சிட்டுது அண்ணை, எறியுங்கோ" என்றார். "அந்தப் பங்கசுக்குத்தான் தம்பி விலை" என்றார் அவர். அன்றைக்கே பெயர் விழுந்துவிட்டது. வயதில் மூத்தவர் என்பதால் கடைசியில் ஒரு 'ர்' சேர்த்தோம். மரியாதையில் நாங்கள் குறை வைப்பதில்லை.

அந்தத் தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. தான் இருக்கிற வீட்டின் மணத்தையெல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அதனால் பங்கசர் வீட்டுக்குள் மீன் பொரிக்கத் தடை. அவர் மனைவி மணி அக்கா, பாவம், கொட்டுகிற பனியில் தொப்பியும் கையுறையும் போட்டுக்கொண்டு பல்கனியில் நின்று பொரிப்பார். "இந்த மனுசனுக்கு நான் ரெண்டாந்தாரம். மூத்தவ உந்த வட்டுத்தான்" என்பார்.

ஒருமுறை என் கணவரையும் கூட்டிக்கொண்டு நகரத்தில் ஒரு சீனக் கடைக்குப் போனார் பங்கசர். கடைக்கார அம்மா உள்ளேயிருந்து ஒரு பழைய வட்டைக் கொண்டுவந்தார். இவர் கடதாசியைப் பிரித்து மூக்கை வைத்து மூச்சை இழுத்தார். பிறகு, "வேண்டாம். இதுக்குப் பக்கத்திலை ஆரோ கனநாள் வருத்தமாக் கிடந்திருக்கினம்" என்று நோர்வே மொழியில் சொல்லிவிட்டார். அந்த அம்மா வட்டைத் திரும்ப மடித்துக்கொண்டு, அது தன் தகப்பன் நோயில் படுத்திருந்த அறையில் இருந்ததுதான் என்றாராம். என் கணவர் அதன்பிறகு கொஞ்சக் காலம் பச்சைத் தண்ணீரைக்கூட மணந்து பார்த்துத்தான் குடித்தார்.

பிறகு மணி அக்கா செத்துப்போனார். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பார்த்த மனுசி. அதே ஆஸ்பத்திரிக்கு நோயாளியாகப் போய்த் திரும்பி வரவில்லை.

சாவீட்டுக்குப் போனவர்களுக்கும் பங்கசர் தேத்தண்ணிதான் ஊற்றினார். அந்தத் தேயிலையின் முதல் தண்ணியை ஒருவரும் குடிப்பதில்லை. அது இலை கழுவுகிற தண்ணி. தட்டில் ஒரு களிமண் தேரை இருக்கும், அதன் தலையில் ஊற்றிவிடுவார்கள். சீனர்களுக்கு அது சாதாரண வழக்கம். ஆனால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிகூட முடியாத வீட்டில் ஒருவர் தேரைக்கு அபிஷேகம் செய்தால் எங்கள் சனம் சும்மா இருக்குமா? மனுசன் மனுசியின் ஆவியைக் கூப்பிடுகிறார் என்று கதை கட்டிவிட்டார்கள். நான் நம்பவில்லை. என்றாலும் அவர் ஊற்றியதைக் குடிக்கவும் இல்லை.

அந்தியேட்டி முடிந்ததும் அக்காவின் சீலைகளை எல்லாம் எடுத்துக் கொடுத்தார். அலுமாரியை மட்டும் கொடுக்காமல், கட்டிடத்தின் நிலவறையில் தனக்குரிய கம்பிவலைக் கூண்டுக்குள் கொண்டுபோய் வைத்தார்.

அடுத்த பொங்கலுக்குப் பானை எடுக்க நான் நிலவறைக்குப் போனேன். அங்கே ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அசையாமல் நின்றால் அணைந்துவிடும். பானையின் கயிற்றை நான் குனிந்து அவிழ்க்கும்போது அணைந்துவிட்டது. இருட்டுக்குள் பங்கசரின் குரல் கேட்டது.

"குளிருதே? கொஞ்சம் பொறும், தண்ணிக் கிண்ணம் வைச்சிட்டுப் போறன்."

அலுமாரிக் கதவு கிறீச்சிட்டது. பிறகு ஓர் அமைதி. மறுமொழிக்காகக் காத்திருக்கிற மாதிரியான அமைதி.

"ஓம், ஓம். எல்லாரும் சுகம்."

அந்த வருஷம் எங்கள் வீட்டில் ரைஸ் குக்கரில்தான் பொங்கல்.

சில மாதங்களில் கட்டிட நிர்வாகத்திலிருந்து அறிவித்தல் வந்தது. நிலவறைச் சுவரில் ஈரம், திருத்த வேண்டும், சாமான்களை எல்லாம் அகற்றுங்கள் என்று. அன்று பின்னேரம் பங்கசர் எங்கள் வீட்டு மணியை அடித்தார். ஒரு கையில் தேயிலை வட்டு, மறு கையில் தேரை.

"இது அவ இருக்கேக்கை அவவின்ரை சீலைக்குள்ளை கிடந்தது, பிள்ளை. சீலையைக் குடுத்திட்டன். இது மட்டும்தான் மிச்சம். கீழை ஈரத்திலை மணம் நிண்டுது. என்ரை வீட்டுக்குக் கொண்டுபோனா ஹீற்றர் காயவைச்சுப்போடும்."

எங்கள் மேசையிலேயே ஒரு சிறு துண்டை உடைத்து ஊற்றினார். முதல் தண்ணி தேரைக்கு. அடுத்தது மண் மணத்தது. அதற்கடுத்த கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனபோது நல்லெண்ணெயும் சீலைக்குள் போடுகிற பூச்சிமுட்டையும் ஆஸ்பத்திரிச் சவர்க்காரமும் ஒன்றாக மணந்தன. நான் சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தேன். என் கணவரும் பார்த்தார். பங்கசர் திரும்பவில்லை.

"வந்திட்டா" என்றார்.

எனக்குப் பயமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"உங்கடை வீட்டிலை எந்த நேரமும் புட்டு அவியும், ஈரம் இருக்கும். உன்ரை அலுமாரிக்குள்ளை வைச்சிரு, பிள்ளை."

"இஞ்சை நாள் முழுக்க மீன் பொரிக்கிறது, அண்ணை. அக்கான்ரை மணம் போயிடும்."

"கலக்கட்டும். அவவுக்குத் தனிய இருக்கப் பயம்."

மீன் பொரிக்க அக்காவைப் பனிக்குள் அனுப்பிய மனுசன் சொன்ன வார்த்தை அது. நான் வட்டை வாங்கி என் சீலைகளுக்கு நடுவில் வைத்தேன். இப்போதெல்லாம் கோயிலுக்குச் சீலை எடுக்கும்போது, "அக்கா, கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்று என் வாய் தானாகச் சொல்கிறது.

ஒரு சனிக்கிழமை குடும்பமாக வெளியே போய்விட்டுத் திரும்பினோம். எங்கள் கதவுக்கு வெளியே, படிக்கட்டில், பங்கசர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"உங்கடை வீடு சத்தமில்லாமக் கிடந்துது, அவ தனிய. அதுதான் இருந்தனான்" என்றார், ஏதோ தான் பிழை செய்துவிட்டது போல.

அன்றைக்கே எங்கள் கதவைத் திறந்து வர ஒரு திறப்பை அவரிடம் கொடுத்துவிட்டோம். நாங்கள் இல்லாத நாட்களில் வந்து இருக்கிறார். திரும்பி வரும்போது கதவுக்குள்ளிருந்து அவர் கதைக்கிற சத்தம் கேட்கும். நானும் என் கணவரும் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே நிற்போம், அவர்கள் கதைத்து முடியட்டும் என்று.