ஊர்ச்சொத்து வைத்த அரிசி மில்

கொள்ளிடத்து வடகரையில், தன் பெண்டாட்டி ஒருத்தியைத் தவிர மற்ற எல்லாமே ஊருக்குப் பொது என்று சொல்லித் திரிந்த மனுஷர் அவர் ஒருவர்தான். அந்தப் பெண்டாட்டி காமாட்சி அத்தையைக் கேட்டால், "நான் இவரையே ஊருக்குத் தானம் பண்ணிட்டேன். யாரு வேணா கூட்டிட்டுப் போங்க. சாப்பாட்டு நேரத்துக்குத் திருப்பிக் கொண்டாந்து விட்டுடாதீங்க, அதுபோதும்" என்பாள்.

அவருக்கு ஊரில் வைத்த பெயர் ஊர்ச்சொத்து. அப்பா அம்மா வைத்த பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. வெள்ளைக்காரன் ஆண்ட காலம். நான் கல்யாணமாகி அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டுக்கு வந்திருந்தேன். அவர் வீட்டு ஏணி, கடப்பாறை, பித்தளை அண்டா எல்லாம் வாசலில்தான் கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். வீட்டில் இருந்த ஒரே குடையும் ஓர் ஐப்பசி மழையில் யாருடனோ ஸ்ரீரங்கத்துக்குப் புறப்பட்டுவிட்டது. இவர் தொப்பலாக நனைந்து வந்து நின்றார்.

"குடை எங்கங்க?"

"குடுத்துட்டேன். பாவம், அவனுக்கு நனைஞ்சா சளி பிடிக்கும்."

"உங்களுக்கு?"

"எனக்குச் சுக்குக் கஷாயம் போட நீ இருக்கே. அவன் பொண்டாட்டி ஊருக்குப் போயிருக்கா."

இப்படிப்பட்டவர் மில் முதலாளி ஆனதுதான் வேடிக்கை.

மண்ணச்சநல்லூரில் ஒரு மில்காரர் இருந்தார். எங்கள் ஊர் நெல்லெல்லாம் அவரிடம்தான் போகும். மில் வாசலில் அவருடைய ஆள் நிற்பான். மூட்டைக்குள் கையை விட்டு நாலு நெல்லை எடுத்துக் கடிப்பான். "ஈரம்" என்பான். களத்தில் கலகலவென்று காய்ந்த நெல்கூட அவன் வாய்க்குள் போனால் ஈரமாகிவிடும். உடனே விலை இறங்கும். ஊர்ச்சொத்து ஒருநாள், "ஏம்ப்பா, உன் எச்சில் பட்டா எதுதான் ஈரமா இருக்காது?" என்று கேட்டுவிட்டு, மூட்டையை இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்த வேகத்தில் பிள்ளையார் கோயில் வாசலில் ஊரைக் கூட்டினார்.

"நெல்லு நம்மளது. பாடு நம்மளது. மில்லு மட்டும் ஏன் அவருது? ஊரே சேர்ந்து ஒரு மில்லு வைப்போம். அரிசியாக்கித் திருச்சிக்கு நாமளே அனுப்புவோம்."

"யாருண்ணே முதலாளி?"

"எல்லாரும்தான்."

"கூலியாளு?"

"அதுவும் எல்லாரும்தான்."

முதல் பதிலுக்கு எழுந்த ஆரவாரம் இரண்டாவது பதிலுக்கு எழவில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு நெல்மூட்டை கொடுத்தார்கள். சிலர் விதைநெல்லையே கொடுத்தார்கள். நிலமில்லாதவர்கள் சுவர் எழுப்பினார்கள். அந்த நெல்லை விற்ற காசில் பழைய எண்ணெய் எஞ்சினும் அரைக்கிற மெஷினும் மாட்டுவண்டியில் வந்து இறங்கின. மாலை போட்டுச் சூடம் காட்டினார்கள். "சாமி ஆக்கிடாதீங்கப்பா, அப்புறம் இதுக்கும் ஒரு தர்மகர்த்தா வந்துடுவான்" என்று அவர் பதறினார்.

அன்றைக்கே ஒரு சட்டமும் போட்டார். "நம்ம மில்லுல யாரும் நெல்லைக் கடிக்கக் கூடாது. ஒரு முதலாளி நெல்லை இன்னொரு முதலாளி சந்தேகப்படறதா? அசிங்கம்!"

ஊரே கைதட்டியது. அடுத்த நாளிலிருந்து அவித்த நெல்லை அரைகுறையாக உலர்த்தி, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுவந்து கொட்டினார்கள். யார் கேட்பது? அரிசிக்குப் பதிலாக நொய் வந்தது. உமி மெஷினுக்குள் களிமண்ணாக அப்பிக்கொண்டது. எஞ்சின் இருமி இருமி நின்றது. பொன்மலை ரயில் பட்டறையிலிருந்து வந்த பிட்டர் தலையைச் சொறிந்தார்.

"இன்னொரு தடவை இப்படி அடைச்சா உள்ளே இரும்புத்தண்டு முறிஞ்சிடும். அப்புறம் எடைக்குத்தான் போடணும்."

இது எப்படியோ மண்ணச்சநல்லூருக்கு எட்டிவிட்டது. அந்தக் கடிக்கிற ஆளே சிரித்துக்கொண்டு வந்தான். "பழைய இரும்பு விலைக்கு எங்க ஐயா எடுத்துக்கறாராம். ரெண்டு நாள்ல வண்டி கொண்டாரேன்."

மெஷின் போனால் ஊரின் விதைநெல்லும் அதோடு போச்சு. ஊர்ச்சொத்து மில் வாசலில் சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அத்தை கஞ்சி கொண்டுபோனாள். துணைக்கு நானும் போனேன்.

"ஏங்க, 'இது ஈரம், எடுத்துட்டுப் போ'ன்னு ஒரு வார்த்தை சொல்ல உங்களுக்கு வாய் வராதா?"

"எப்படிடி வரும்? அவனும் முதலாளி."

"எனக்கு வரும்."

அவர் கஞ்சிச் சொம்பைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். "அடிப்பாவி! இந்த ஊர்ல 'இல்லை'ன்னு சொல்லத் தெரிஞ்ச ஒரே ஆளை நான் வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்திருக்கேனே!"

மறுநாள் காலையில் மில் வாசலில் அத்தை முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வண்டிக்காரர்கள் கொதித்தார்கள்.

"கடிக்கக் கூடாதுன்னு நீங்கதானேண்ணே சொன்னீங்க?"

"அது மண்ணச்சநல்லூர்ப் பல்லு, நம்மளை ஏமாத்துச்சு. இது நம்ம பல்லுடா. நம்ம மில்லைக் காப்பாத்தும். முதல்ல என் மூட்டை."

அத்தை அவர் மூட்டையிலிருந்து நாலு நெல்லை எடுத்துக் கடித்தாள். துப்பினாள்.

"பச்சை ஈரம். எடுங்க."

"ஏய், நேத்து முழுக்கக் காய்ஞ்சுதுடி!"

"காய்ஞ்சது நீங்க. நெல்லு இல்லை. எடுங்கன்னா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, கழுத்தில் மாலை விழுந்த மாதிரி பல்லெல்லாம் தெரியக் களத்துக்கு நடந்தார். நெல்லைப் பரப்பிவிட்டுக் காக்காய் ஓட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் பாதி வண்டிகள் அத்தையிடம் வராமலே திரும்பிக் களத்துக்குப் போய்விட்டன. அன்று மாலை எஞ்சின் இருமவில்லை. வெள்ளை வெளேரென்று அரிசி கொட்டியது. இரும்பு எடுக்க வண்டியோடு வந்தவன் காலடியில் அத்தை ஒரு நெல்லைக் கடித்துத் துப்பினாள். அவன் வந்த வழியே போய்விட்டான்.

அந்த வாரமே என் மாமியார் என் தலையில் ஒரு கூடை நெல்லை ஏற்றி மில்லுக்கு அனுப்பினார்கள். அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவே போகக் கூச்சப்பட்டு, நான் சுவரோரமாக ஒண்டிக்கொண்டு நின்றேன்.

"வாங்க முதலாளி! உங்க மில்லுல நீங்களே ஒதுங்கி நின்னா எப்படி? வழி விடுங்கப்பா!"

ஊர்ச்சொத்து யாரைக் கூப்பிடுகிறார் என்று நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவர்தான் இருந்தது.

இப்போதும் கடையில் கூட்டமாக இருந்தால் ஓரமாகத்தான் நிற்கிறேன். அந்தக் குரல் ஒருதரம் கூப்பிட்டால் தேவலை என்றிருக்கிறது.