மூன்றாம் வாய்க்கால் நித்திரை முறை

வன்னியில் குளம் கட்டிய அரசர்கள் எத்தனையோ பேர். குளத்துத் தண்ணீரை முறை வைத்துப் பகிர்ந்த அதிகாரிகள் அவர்களிலும் அதிகம். ஆனால் நித்திரையையும் முறை வைத்துப் பகிரலாம் என்று கண்டுபிடித்து, அதற்கெனக் கூட்டம் கூட்டி, ஏகமனதாகத் தீர்மானமும் நிறைவேற்றிய பெருமை மல்லாவிக்கு அப்பால் உள்ள எங்கள் மூன்றாம் வாய்க்கால் கமக்காரர் அமைப்பையே சாரும். அதன் செயலாளர் நான். நித்திரை கொள்ளாத குழந்தையும் என்னுடையதுதான். இரண்டையும் தன்னடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

குழந்தை வினுஷாவுக்கு அப்போது இரண்டரை மாதம். பகலில் அரை மணித்தியாலம் நித்திரை. இரவில் அதைவிடச் சிக்கனம். அவளுடைய தாய் ஜெயரூபி தேத்தண்ணிக்கு உப்புப் போட்டாள். கிணற்றடியில் நின்றபடியே கண்ணயர்ந்து வாளியைக் கைவிட்டாள். ஒருநாள் அடுப்பில் வைத்த பால் கருகிக் குசினி முழுக்கப் புகை. அவள் சுவரில் சாய்ந்தபடி நித்திரை. நான் பயந்து போனேன். பயந்தால் நான் செய்வது ஒன்றுதான். கூட்டம் கூட்டுவேன்.

நிகழ்ச்சி நிரலில் வாய்க்கால் துப்புரவு, உரம் ஆகியவற்றுக்குப் பின் 'பிற விடயங்கள்' என்ற தலைப்பில் என் மகள் எடுத்துக்கொள்ளப்பட்டாள்.

"செக்ரட்டரி வீட்டுப் பிள்ளை அழுறது குளத்து மதகுத் துருசடி மட்டுக்கும் கேக்குது," என்றார் தலைவர் வீரபாகு அண்ணை. "அப்ப இது பொதுப் பிரச்சினை. பொதுவாத்தான் பாக்க வேணும்."

"உது நாவூறு," என்றார் பக்கத்து வளவு வடிவம்மாக்கா. "செத்தல் மிளகாயும் உப்பும் சுத்தி அடுப்பில போட்டா மாடே நித்திரை கொள்ளும்."

"மாடு சுத்தாமலே கொள்ளுது," என்றார் தலைவர்.

"அப்ப எண்ணெய் தடவித் தண்ணி வாக்க வேணும். அதுக்கு என்ர கைதான் வேணும். நான் வாத்த பிள்ளையள் இப்ப லண்டனிலயும் நித்திரை."

மலையகத்திலிருந்து வந்து எங்கள் வாய்க்காலில் வயல் செய்யும் பழனியாண்டி எழுந்து நின்றார். அவரிடம் லேண்ட்மாஸ்டர் என்னும் இருசில்லு உழவு இயந்திரம் ஒன்று உண்டு. "நம்ம வீட்டுல நாலு புள்ளையும் லேண்ட்மாஸ்டர் சத்தத்துலதாங்க தூங்குச்சு. ஸ்டார்ட் பண்ணி வாசல்ல விட்டா போதும். கியர் போடக்கூட வேணாங்க."

எல்லாம் அறிக்கையில் பதியப்பட்டன. ஆனாலும் விஞ்ஞானத்தை ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக, குடும்பநல மாது பத்மாசனியை 'வளவாளர்' என்ற ஆலோசகராக எங்கள் வீட்டுக்கு அழைத்தோம். அவர் பிள்ளையை நிறுத்துப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. நிறை வடிவா ஏறுது. தாய்ப்பாலைத் தவிர வாயில ஒண்டும் வைக்காதேங்கோ, ஓமத்தண்ணியும் வேண்டாம். பின்னேரம் ஒரே நேரத்துக்கு இளஞ்சூட்டுத் தண்ணியில குளிப்பாட்டுங்கோ. அறை இருட்டா இருக்கட்டும். சத்தம் வேண்டாம். முக்கியமா, ஆக்களைக் குறையுங்கோ."

பிறகு, எழுதிக்கொண்டிருந்த என்னையே பார்த்து இன்னொன்றும் சொன்னார். பக்கம் முடிந்துவிட்டபடியால் 'மேலும் சில விடயங்களும் கூறப்பட்டன' எனப் பதிந்தேன்.

அவரது ஆலோசனைகளை அமைப்பு முழுமனதோடு ஏற்றது. குறிப்பாக, ஆட்களைக் குறைப்பதைச் செயற்படுத்த ஏழு பேர் கொண்ட உபகுழு ஒன்று உடனே நியமிக்கப்பட்டது.

தண்ணீர் முறை போடும் அதே கோட்டுத் தாளில், அதே சிவப்புப் பேனையால் அட்டவணை போட்டேன். நாலு மணி தொடக்கம் நாலரை வரை எண்ணெயும் குளிப்பும், வடிவம்மாக்கா. நாலரை தொடக்கம் ஐந்து வரை ஏணைத் தொட்டில் ஆட்டல், தலைவர். ஐந்து தொடக்கம் ஐந்தரை வரை லேண்ட்மாஸ்டர், பழனியாண்டி. அதன்பின் நவீன முறை. ஒருவரின் முறையில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. வாய்க்காலுக்கு உள்ள நீதி ஏணைக்கும் உண்டு.

ஜெயரூபி தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். எழுத்து அவளுக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்ததாம்.

"இதில உங்கட பேர் எங்கையப்பா?"

"கீழ பார். 'ஒழுங்கமைப்பு' எண்டு போட்டிருக்கிறன்."

"என்ர பேர்?"

"நீ பயனாளி. பயனாளியளுக்குப் பேர் போடுறேல்லை, தொகைதான்."

"தொகை எத்தினை?"

"ஒண்டு," என்றேன்.

செயற்றிட்டம் மறுநாள் நாலு மணிக்கு ஆரம்பமானது. வடிவம்மாக்கா பிள்ளையை வார்த்த அழகைக் காண உபகுழு முழுவதும் முற்றத்தில் நின்றது. பிறகு தலைவர் ஏணையை ஆட்டினார். அவருக்குத் தாலாட்டுத் தெரியாது. ஆதலால் உர விநியோகம் பற்றித் தாழ்ந்த குரலில் கதைத்தார். ஐந்து மணிக்கு லேண்ட்மாஸ்டர் வாசல் படலையடியில் வந்து நின்று முழங்கியது. வினுஷா அழுகையை நிறுத்தி, கண்ணை அகல விரித்து அதைப் பார்த்தாள். "பாருங்க, அமைதியாயிருச்சு," என்றார் பழனியாண்டி. அமைதியாகத்தான் இருந்தாள். நித்திரை மட்டும் இல்லை.

நவீன முறை என் சொந்தப் பங்களிப்பு. வெளிநாட்டுக் குழந்தைகள் மழைச் சத்தம் கேட்டு நித்திரை கொள்கின்றன என்று கைத்தொலைபேசி சொன்னது. அமைப்பின் ஒலிபெருக்கிப் பெட்டியை அறை யன்னலில் வைத்து, தொலைபேசியை அதில் பூட்டினேன். முதலில் தூறல். பிறகு நல்ல மழை. வினுஷாவின் இமை மெல்லக் கீழே இறங்கியது. பக்கத்தில் பாயில் சரிந்த ஜெயரூபிக்கும் கண் சொருகியது. இருவரும் ஒன்றாக, இரண்டரை மாதத்தில் முதற் தடவை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது தொலைபேசி, நான் கேட்காமலே, ஓர் இடியையும் சேர்த்துத் தந்தது.

அது சிறுபோக அறுவடை முடிந்த கிழமை. எங்கள் வாய்க்கால் முழுவதன் நெல்லும் தெருவில் படங்கு விரிப்புகளில் காய்ந்துகொண்டிருந்தது.

"மழையடா, படங்கை இழுங்கோ," என்று வடிவம்மாக்காவின் குரல் எழுந்தது. பழனியாண்டி லேண்ட்மாஸ்டரை அப்படியே விட்டுவிட்டுப் பாய்ந்தார். தலைவர் சாரத்தை மடித்துக் கட்டினார். உபகுழு ஏழு திசையில் ஓடியது. வானத்தில் ஒரு முகிலும் இல்லை. ஆனால் நெல் காயும்போது மழைச் சத்தம் கேட்டால், முதலில் வானத்தைப் பார்க்கிற கமக்காரன் எங்கள் வாய்க்காலில் இல்லை.

எல்லோருக்கும் முன்னால் ஓடியது ஜெயரூபி. பாதி நித்திரையில், கண்ணை முழுதாகத் திறக்காமலே போய், எங்கள் படங்கின் நாலு மூலையையும் இழுத்து மூடிவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாள். மேலே வெயில். யன்னலில் மழை. உள்ளே வினுஷா வீறிட்டு அழுதாள்.

ஜெயரூபி அந்தப் படங்கின் மேலேயே இருந்துவிட்டாள்.

"ஒரு தாளும் பேனையும் தாங்கோ," என்றாள்.

மறுநாள் பின்னேரம் அவசரக் கூட்டம். தலைவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டு, வந்த கடிதத்தை உரத்து வாசித்தார்:

"தலைவர் அவர்கட்கு. முறைகேடு தொடர்பானது. எங்கள் வீட்டில் நித்திரை இரவு ஒன்பது மணிக்குத் திறந்துவிடப்படுகிறது. மேல்வயல்காரர் ஒருவர் அதை விடியும் வரை மறித்துத் தன் வயலுக்கு மட்டும் பாய்ச்சி வருகிறார். வாய்க்காலின் கடைக்கோடித் தொங்கலில் இருக்கும் எனக்கு இரண்டரை மாதமாக ஒரு சொட்டும் வந்து சேரவில்லை. குடும்பநல மாது கடைசியாகச் சொன்ன விடயம் அறிக்கையில் இல்லை என்பதையும் அறியத்தருகிறேன்."

தொங்கல் வயலுக்குத் தண்ணீர் போகாத கதை எங்களுக்கு விளையாட்டில்லை. அதற்காக அண்ணன் தம்பி கதைக்காமல் விட்ட வீடுகள் உண்டு.

"அண்ணை, அது சும்மா ஒரு கதைக்கு எழுதினது," என்றேன்.

"கதைக்கோ? சாட்சி கேப்பம். ஆருக்கும் ஏதும் தெரியுமோ?"

"இரவில அந்த வீட்டில குறட்டை கேக்கிறது," என்றார் வடிவம்மாக்கா. "நான் லேண்ட்மாஸ்டர் எண்டு நினைச்சனான்."

"நம்ம வண்டி ராத்திரியில ஓடுறதில்லீங்க," என்றார் பழனியாண்டி, மிகுந்த வருத்தத்தோடு.

தலைவர் என் பக்கம் திரும்பினார். "மேல்வயலில நிண்டு மறிச்சா என்ன தண்டனை? அமைப்பின்ர யாப்பு விதியளை நீர்தானே எழுதினது?"

எழுதியது நான்தான். அழகான கையெழுத்தில். "தொங்கல் வயல் நிரம்பும் வரை, மறித்தவருக்கு முறை கிடையாது," என்று வாசித்தேன்.

வாசித்து முடிய, வாசலில் நின்ற ஜெயரூபி உள்ளே வந்து வினுஷாவை என் கையில் தந்தாள். திரும்பிப் பாராமல் வீட்டுக்குப் போனாள்.

நீர் மானியைப் பிடிக்கிறவன் மாதிரிப் பிள்ளையைத் தூரத்தில் பிடித்துக்கொண்டு நின்றேன். "தலையைத் தாங்கும் தம்பி. தோளில போடும்," என்றார் வடிவம்மாக்கா. தோளில் போட்டேன். அழுதாள். தாலாட்டு எனக்கும் தெரியாது. கையில் இருந்தது சென்ற கூட்ட அறிக்கை ஒன்றுதான். அதை வாசித்தபடி நடந்தேன். இரண்டாம் பந்தியில் விம்மல். மூன்றாம் பந்தியில், "உபகுழு நியமிக்கப்பட்டது" என்ற இடத்தில், கழுத்தில் சூடாக ஒரு சீரான மூச்சுப் பட்டது. ஒரு கை என் சட்டைக் கழுத்துப்பட்டியைப் பிடித்திருந்தது. தலைவருக்கும் தலை சரிந்திருந்தது.

கூட்டம் ஒருவரும் பேசாமல் கலைந்தது. எங்கள் அமைப்பின் வரலாற்றில் அதுவும் முதற் தடவை.

வீட்டில் ஜெயரூபி பாயில் நித்திரை. வெறும் ஏணையின் கயிறு அவளுடைய கையில் இருந்தது. நித்திரையிலும் அந்தக் கை அதை இழுத்து இழுத்து ஆட்டிக்கொண்டிருந்தது. குனிந்து கயிற்றை மெல்லக் கழற்றினேன். கை இன்னும் இரண்டு தரம் ஆடிவிட்டு நின்றது.

வினுஷாவைத் தோளில் வைத்தபடியே வாசற்படியில் இருந்து, ஒற்றைக் கையால் அறிக்கைப் புத்தகத்தைத் திறந்தேன். 'மேலும் சில விடயங்களும் கூறப்பட்டன' என்பதை வெட்டிவிட்டு, பத்மாசனி சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன்: 'பால் குடித்ததும் பிள்ளையைத் தகப்பன் வாங்கட்டும், தாய் படுக்கட்டும்.'

திருத்தத்தை முன்மொழிந்தவர்: ஜெயரூபி. வழிமொழிந்தவர்: வினுஷா, நித்திரையில் இருந்தவாறே. இதுவரை மறித்து வைத்திருந்தவர்: செயலாளர்.