உங்கள் தங்கை எனக்குத் தெரியாமல் கட்டும் வீடு

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு இருவரும் நலம் என்று மரியாதைக்காகச் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அவள் நலம். நான் ஒரு விசாரணையில் இறங்கியிருக்கிறேன்.

முப்பத்திநாலு வருடம் கட்டட ஆய்வாளராக இருந்து, எத்தனையோ பேருடைய மாடிப்படியை இடித்துக் கட்டச் சொன்னவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்று ஐந்து மாதமாக வீட்டில்தான் இருக்கிறேன். பள்ளியில் புவியியல் நடத்திய உங்கள் தங்கை எனக்கு முன்பே ஓய்வு பெற்றவள். இருவரும் நிம்மதியாக இருக்கலாம் என்று பார்த்தால், காலைச் சாப்பாடு முடிந்ததும் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். போன செவ்வாய்க்கிழமை அந்தக் கதவருகே தற்செயலாகக் கால் மணி நேரம் நின்றேன். உள்ளே, அதே பள்ளியில் டிரில் டீச்சராக இருந்த தோழியோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மலையடிவாரத்துல எடம் பாத்துட்டேன்டி. தண்ணி பக்கத்துலயே இருக்கு. நாளைக்கே சுவர் எழுப்பிடலாம்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, "அவருக்கா? சொல்லவே இல்ல. சொன்னா டேப்பைத் தூக்கிட்டு வந்து நிப்பாரு" என்று சிரித்தாள். கேட்டீர்களா, மச்சான்? இந்த வயதில் என்னை விட்டுவிட்டுத் தனி வீடா?

அன்றே பதிவு அலுவலகத்துக்கு ஓடி, பழக்கமான எழுத்தரைப் பிடித்துத் தேடச் சொன்னேன். "சார், அம்மா பேர்ல ஒரு அடி நெலம்கூட இல்ல. வீட்ல எதுனா சண்டையா?" என்று அந்த ஆள் அலுவலகமே திரும்பிப் பார்க்கும்படி கேட்டார். வீட்டுக்கு வந்து அவள் செருப்பைத் திருப்பிப் பார்த்தேன். மண் இல்லை. சுவர் எழுப்புகிறவள் செருப்பில் மண் ஒட்டாமல் எப்படி இருக்கும்? சந்தேகம் இரண்டு மடங்கானது.

வெள்ளிக்கிழமை பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். கம்ப்யூட்டர் திரையில் சதுரமாக ஒரு சூரியன், சதுரமாக ஒரு மாடு, மலையடிவாரத்தில் கட்டிகளை அடுக்கிக் கட்டிய வீடு. விளையாட்டாம்! "ஜெயிக்கறது எப்படி?" என்றேன். "ஜெயிச்சுதான் ஆகணும்னு இல்லைங்க." "எப்ப முடியும்?" "நாம முடிச்சாத்தான்." "அப்ப என்னதான் பண்ணணும்?" "இஷ்டப்பட்டதைப் பண்ணலாம்." கெடுவும் இல்லை, மேலதிகாரியும் இல்லை என்றால் அதில் கட்டாயம் ஏதோ சூது இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் ஒரே நோக்கத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். தன் பழைய லேப்டாப்பில் அதே விளையாட்டுக்குள் என்னையும் இறக்கிவிட்டு என் முன்னால் வைத்தாள்.

"மொதல்ல மரத்தைக் குத்துங்க." "எதால?" "கையாலதான்." குத்தினேன். அடிமரம் பெயர்ந்து கட்டையாகக் கைக்கு வந்தது. இலைக்கூட்டம் மட்டும் அந்தரத்தில் நின்றது. தாங்க ஒரு தூண் கிடையாது! "இதுக்கு யாரு அனுமதி குடுத்தா?" என்று கேட்டதற்கு, தன் வீட்டிலிருந்தே கூட விளையாடிக்கொண்டிருந்த டிரில் டீச்சர் ஸ்பீக்கரில் விழுந்து விழுந்து சிரித்தார். கட்டையைப் பலகையாக்கி, பலகையை வேலைமேசையாக்கி, மேசையில் ஒரு மண்வெட்டி செய்தேன். "சீக்கிரம் பொழுது சாஞ்சிடும், பூதமெல்லாம் வரும், ஒரு கூரையைப் போட்டுக்குங்க" என்றாள் உங்கள் தங்கை. நானோ அஸ்திவாரத்துக்கு மட்டம் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சையாக, கையே இல்லாத ஒன்று பின்னால் வந்து நின்று 'புஸ்ஸ்' என்றது. மனு கொடுக்க வந்தவர் என்று நினைத்துத் திரும்பினேன். வெடித்துவிட்டது. "சார், குழி தோண்டி உள்ள எறங்குங்க! தலைக்கு மேல மண்ணை வெச்சு மூடுங்க!" என்று டிரில் டீச்சர் கத்த, இறங்கி மூடிக்கொண்டேன். ஒரே இருட்டு, மேலே உறுமல். எனக்கு உண்மையாகவே வேர்த்தது. கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் ஒரு மண்கட்டி விலகி, தீப்பந்தத்தோடு ஒரு சதுர முகம் எட்டிப் பார்த்தது. "என்னங்க, உள்ளதான இருக்கீங்க?" என்றாள் பக்கத்து நாற்காலியிலிருந்து.

திரையிலேயே, மலையடிவாரத்தில் கட்டிய தன் வீட்டுக்கு அழைத்துப்போனாள். ஜன்னல் நடுவில் இல்லை, இரண்டு கட்டி தள்ளியிருந்தது. வாயைத் திறந்தேன். "வேணாங்க" என்றாள், திரும்பாமலே. "அஞ்சு மாசமா நான் வெச்ச டம்ளரைக்கூட நகத்தி வெக்கறீங்க. இங்க நான் வெச்சது வெச்ச எடத்துல இருக்கு." டம்ளர் விஷயம் உண்மைதான், மச்சான். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏரி தெரிந்தது. நன்றாகத்தான் தெரிந்தது.

இருந்தாலும் சந்தேகம் தீரவில்லை. நேற்றும் விசாரணைக்காக உட்கார்ந்து நிமிர்ந்தால் மணி மூன்று. இருவரும் சாப்பிடவே இல்லை. பசியை மறக்கடிக்கிற எதையும் நம்பக் கூடாது. ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, தங்கைக்குப் புத்தி சொல்லி, அந்தக் கம்ப்யூட்டரைக் கையோடு எடுத்துப்போய்விட வேண்டுகிறேன்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல், போன இடமெல்லாம் நல்ல பேர் எடுக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது, "சுரங்கத்துல இரும்பு கெடைச்சிடுச்சு, சீக்கிரம் வாங்க!" என்று உங்கள் தங்கை கூப்பிட்டாள். ஆகவே நீங்கள் வர வேண்டாம்; டிக்கெட் எடுத்திருந்தால் ரத்து செய்துவிடுங்கள். திங்கட்கிழமை ரயில் பாதை போட ஆரம்பிக்கிறோம், சுரங்கம் தோண்ட ஆள் போதவில்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்தே வந்துவிடலாம். இறங்கிய இடத்தைவிட்டு நகராமல் ஒரு மரத்தைக் குத்திக்கொண்டிருங்கள், நான் வந்து அழைத்துப்போகிறேன். அக்கா கேட்டால் பேங்க் வேலை என்று சொல்லிவிடுங்கள்.