ஓரின் ஸ்டக்கியின் ஒரே சட்டம்

மில்பர்ன் வார இதழின் ஆசிரியர் திருமதி ராமோனா கெட்ஸ் அவர்களுக்கு,

லைல் பென்னர் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் கணவர் கைத்தடி இல்லாமலே தேவாலயப் படியேறினார் என்று கேள்விப்பட்டேன், மிக்க மகிழ்ச்சி. எங்கள் வீட்டில் எல்லோரும் நலம். கோதுமை அறுவடை ஆலங்கட்டிக்கு இரண்டு நாள் முன்னால் முடிந்துவிட்டது. கடவுள் இந்தக் கன்சாஸ் பக்கமும் எப்போதாவது திரும்பிப் பார்க்கிறார்.

நாட்டின் காங்கிரஸ் அவையில் நம் தொகுதி உறுப்பினரான ஓரின் ஸ்டக்கி ஓய்வு பெறுவதையொட்டி, அவருடைய நாடாளுமன்றச் சாதனைகளை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரக் கேட்டிருந்தீர்கள். பத்தொன்பது ஆண்டுகள் அவருடைய தொகுதி அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு பக்கம் அதிகம். இருபத்துநான்கு ஆண்டுகளில் அவர் கொண்டுவந்த மசோதாக்கள் நாற்பத்தொன்று. சட்டமானது ஒன்று. மற்ற நாற்பதில் பெரும்பாலானவை ஏதாவதொரு அரசுத் துறையை இழுத்து மூடச் சொன்னவை. இரண்டாண்டுக்கு ஒருமுறை தேர்தல் முடிந்ததும் அதே துறையை மறுபடி மூடச் சொல்வார்; அதுவும் மறுபடி மூடாமல் இருக்கும். எந்தச் சட்டமும் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு மசோதா எழுதினார். அது பதினொரு பக்கம் வந்தது. "ஐயா, இது நிறைவேறினா முதல்ல இதைத்தான் ரத்து பண்ணணும்" என்றேன். "அதனாலதான்யா அது நல்ல சட்டம்" என்றார்.

நிறைவேறிய அந்த ஒன்று, நம் ஊர்த் தபால் நிலையத்துக்கு டேல் ஷ்ராகின் பெயரை வைத்த சட்டம். போரில் இறந்த பையன். நெட்டி ஷ்ராகின் ஒரே மகன். அவை முழுவதும் எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டது. செலவு ஒரு பித்தளைப் பலகை மட்டுமே என்பதால் ஓரினும் தன் கொள்கைக்குப் பங்கமில்லாமல் ஆதரித்தார். பலகை வந்தபோது பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. திருத்திய பலகைக்கு ஒன்பது மாதம் ஆகும் என்றார்கள். அந்த ஒன்பது மாதமும் ஓரின் போன கூட்டத்திலெல்லாம் அதையே சொல்லி, அரசாங்கத்தால் ஒரு பெயரைக்கூட ஒழுங்காக எழுத முடியாது என்று நிரூபித்துக்கொண்டிருந்தார். அந்தத் தேர்தலில் எழுபத்தொரு சதவீதம் வாங்கினார்.

சரியான பலகை மாட்டி ஆறே வாரம். அவருடைய கட்சியே ஒரு செலவுக் குறைப்பு மசோதாவைக் கொண்டுவந்தது. வருமானம் இல்லாத சிற்றூர்த் தபால் நிலையங்களை மூடுவது அதில் ஒரு பகுதி. பட்டியலில் நம் ஊர் நூற்றுப் பன்னிரண்டாவது, கடைசி. அடுத்த தபால் நிலையம் முப்பத்தெட்டு மைல். இந்த ஊரில் பாதிப் பேருக்கு இருதய மாத்திரை தபாலில்தான் வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

அந்தச் சனிக்கிழமை தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பான்கேக் விருந்து. ஓரின் தட்டோடு நிற்கிறார். நெட்டி நேரே வந்து நின்றாள். எழுபத்திரண்டு வயது. பன்னிரண்டு தேர்தலிலும் வீடு வீடாகப் போய் அவருக்கு வாக்குக் கேட்டவள்.

"ஓரின், நீயும் நானும் ஒரே பஸ்ல பள்ளிக்கூடம் போனோம். அந்த உரிமையில கேக்கறேன். என் பிள்ளை பேரைச் சுவத்துல எழுதிட்டு, இப்ப சுவத்தையே இடிக்கறியா?"

"இடிக்கலை நெட்டி. மூடறோம், அவ்வளவுதான்."

"அடேயப்பா, ரொம்ப நல்லவன்!"

சிரித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஓரின் தட்டை வைத்துவிட்டார். "இருபத்துநாலு வருஷமா செலவைக் குறைன்னு கத்தினேன். நீங்க கை தட்டினீங்க. மத்த நூத்துப் பதினோரு ஊரை மூடலாம், என் ஊரை மட்டும் மூடக் கூடாதுன்னு எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்வேன்?"

"அந்த மூஞ்சியை நாங்க எத்தனை தடவை ஜெயிக்க வெச்சிருக்கோம்! இதுக்கு ஒரு தடவை உதவட்டுமே" என்றாள் நெட்டி. ஓரின் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அப்பத்தைத் தொடவேயில்லை.

வாக்கெடுப்பு நாளன்று நெட்டி எங்கள் அலுவலகத்துக்கு வந்து, தொலைக்காட்சிக்கு எதிரே மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். ஆதரவு இருநூற்றுப் பதினான்கு, எதிர்ப்பு இருநூற்றுப் பதினைந்து. மசோதா விழுந்தது. விழ வைத்தது யார் என்பது அடுத்த ஐந்தாவது நிமிடம் கட்சித் தலைமையிலிருந்து வந்த தொலைபேசியில் எனக்குத் தெரிந்தது; அந்த வார்த்தைகளை உங்கள் பத்திரிகை அச்சிடாது. நெட்டி என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையைத் தேடினாள். பதினாறு ஆண்டு வகித்த அவைக் குழுப் பதவியை ஓரினிடமிருந்து அந்த வாரமே பிடுங்கிவிட்டார்கள். காரணம் கேட்ட நிருபர்களிடம் அவர் கோதுமை விலையைப் பற்றிப் பேசினார். மறு மாதம், இனித் தேர்தலில் நிற்பதில்லை என்று அறிவித்தார்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, 'ஒரு மனிதனின் துணிச்சல்' என்று தலைப்பிட்டு, மேற்கண்டதை முதல் பக்கத்தில் போடுமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் என் அன்பு. பேத்திக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
லைல் பென்னர்

பி.கு.: உறையில் போடும் முன் இதை ஓரினிடம் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "லைல், அன்னிக்குக் காலையில கண் டாக்டர் மருந்து ஊத்திட்டாரு. ஆமாங்கற பச்சை எது, இல்லைங்கற சிவப்பு எதுன்னு புரியலை. தப்பான பொத்தானை அமுக்கிட்டேன்" என்றார். "அவையோட வாக்குப் பலகையில உங்க பேருக்குப் பக்கத்துல சிவப்பு எரிஞ்சிருக்குமே, யாரும் சொல்லலையா?" என்றேன். "பக்கத்து சீட்டுக்காரன் உடனே சொன்னான். மாத்திக்க இன்னும் ஒன்பது நிமிஷம் இருந்தது." "அப்புறம்?" "அப்புறம் என்ன, ஓட்டுப் போடற கார்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்." எனவே 'துணிச்சல்' என்ற சொல்லை அடித்துவிடவும். அந்த ஒன்பது நிமிடத்துக்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. ஆசிரியர் நீங்கள், பார்த்துப் போடுங்கள்.