மலை முழுக்கக் கேட்ட என் இடுப்பளவு

அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசுவதைப் போல சுகமான வேலை உலகத்தில் வேறு கிடையாது. நம் உடம்பு கொஞ்சமும் வளைய வேண்டியதில்லை. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பனிஸைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றபடியே, "சீனியைக் குறைங்க, நல்லா நடங்க" என்று ஊருக்கே சொல்லலாம். நான் இதைச் சம்பளத்துக்குச் செய்தவன்.

ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, அங்கேயே குடியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சுகாதாரக் கள உத்தியோகத்தர் வேலை கிடைத்தது. பயிற்சிக்கு நுவரெலியாவுக்கு அனுப்பினார்கள். வியாதி வந்த பிறகு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது, அது வருவதற்கு முன்பே ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். என்ன சாப்பிடுகிறார், என்ன வேலை செய்கிறார், அப்பா அம்மாவுக்கு என்ன இருந்தது என்று விசாரித்து, அவரவருக்குத் தக்க வழியைச் சொல்ல வேண்டும். கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தோட்டத்தையே திருத்தப் போகிறவனாக, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, ஊர் திரும்பினேன். (அதைத் தூங்கும்போதும் கழற்றவில்லை என்று என் மனைவி சாந்தினி சொல்வாள். அது பொய். குளிக்கும்போதுதான் கழற்றவில்லை.)

முதல் வேலை, எங்கள் தோட்டத்திலேயே ஒரு பரிசோதனை முகாம். டாக்டரும் நர்ஸும் வேனில் வருவார்கள், ஆள் சேர்ப்பது என் பொறுப்பு. ஆட்கள் வந்தால் வேன் தொடர்ந்து வரும். வராவிட்டால் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும்.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், லயம் லயமாக ஏறி இறங்கினேன். கொழுந்து பறிக்கும் புஷ்பராணி அக்கா வாசலிலேயே மடக்கினார்.

"எனக்கு என்னா நோவுன்னு வரச் சொல்றீங்க தம்பி?"

"நோவு ஒண்ணும் இல்லக்கா. சும்மா பாக்கத்தான்."

"சும்மா இருக்கிறவங்கள கூட்டிப் போங்க. எனக்கு மலையில வேல கெடக்கு. நல்லா இருக்கிற ஒடம்புல ரத்தத்த எடுத்துப் பாக்குறது, வியாதிய வெத்தல பாக்கு வச்சுக் கூப்பிடுறதுதானே?"

அவரைக் குறை சொல்ல முடியாது. அரை நாள் வேலை போனால் அரை நாள் சம்பளம் போகும். தோட்டத்து மருந்துக் காம்பராவிலோ தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே வெள்ளை மாத்திரை. படுக்கையில் விழுந்தால்தான் ஆஸ்பத்திரி என்று பழகிப்போன சனம் நாங்கள்.

அதனால் அப்பாவின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவருக்குக் காலில் ஒரு கொப்புளம் வந்தது. சப்பாத்து கடித்தது என்று விட்டுவிட்டோம். ஆறவேயில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோதுதான் சீனி வியாதி என்று ஒன்று அவருக்கு இருந்ததே எங்களுக்குத் தெரியும். பாதத்தை எடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை.

வாசல் வாசலாக இதைச் சொன்னேன். கேட்ட அக்காமார் கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்கள், பரிவோடு சீனியைத் தூக்கலாகப் போட்டு. அந்தப் பரிவுக்கு மரியாதையாக நானும் ஒரு வாசலிலும் மறுக்காமல் குடித்தேன்.

முகாம் நாள் வந்தது. அம்மாமார் மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் புள்ள மடுவத்தில்தான் முகாம். அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை சாந்தினிக்கு. கோயில் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கி, குழாய் மலையைப் பார்க்கிற மாதிரி கூரையில் கட்டினேன். தேத்தண்ணி நேரத்தில் ஆட்களை இறங்கி வர விடுவதாகத் தோட்டத்துத் தொரையும் ஒத்துக்கொண்டிருந்தார்.

மைக்கைப் பிடித்துக் கத்தினேன். "நோய் வருமுன் காப்போம்! வெறும் வயித்தோட வாங்க!" மூடுபனிதான் இறங்கி வந்தது. வேலைக்குப் போகாத சில பெரியவர்களும் கைக்குழந்தைக்காரிகள் சிலரும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்த நர்ஸ் வதனி மிஸ் மெதுவாகக் கேட்டார். "தம்பி, ஆக்கள் வருவினமோ, இல்லாட்டி நாங்கள் சாமானைக் கட்டவோ?"

எனக்கு அப்போதுதான் அந்த அற்புதமான யோசனை வந்தது.

"என்னையே முதல்ல பாருங்க மிஸ். மைக்ல. பயப்பட ஒண்ணுமில்லன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

மேசையில் மைக்கை நிறுத்திவிட்டு, மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"காலமை ஏதும் சாப்பிட்டனீங்களோ?"

"இல்ல மிஸ். வெறும் வயித்தோட வரச் சொன்னதே நான்தானே."

பின்னாலிருந்து, இடுப்பில் ஒரு பிள்ளையோடு சாந்தினியின் குரல் வந்தது. "ரெண்டு ரொட்டி மிஸ். கட்டச் சம்பல். ஒரு பிளேன்டீ."

"சின்ன ரொட்டி மிஸ்," என்றேன்.

"தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு போடுறனீங்கள்?"

"பேருக்குக் கொஞ்சம்."

"நாங்க தேத்தண்ணிக்குச் சீனி போடுவோம் மிஸ்," என்றாள் சாந்தினி. "இவரு சீனிக்குத் தேத்தண்ணி ஊத்துவாரு."

சுவரோரம் சிரிப்பு கிளம்பியது. வதனி மிஸ் சிரிக்காமல் எழுதினார்.

"நடக்கிறனீங்களோ?"

"மலைநாட்டுல நடக்காம எப்படி மிஸ்?"

"சந்திக் கடைக்குப் போகவே த்ரீவீல் பிடிப்பாரு."

"சரி. குடும்பத்தில ஆருக்கும் சீனி வருத்தம் இருந்ததோ?"

இந்தக் கேள்விக்கு சாந்தினி வாய் திறக்கவில்லை. சுவரோரம் இருந்த எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அவர்கள் ஒவ்வொருவர் வாசலிலும் நின்று அந்தக் கதையைச் சொன்னவன் நான். அவ்வளவு சொன்னபோதும், அந்த மனிதரின் மகன் நான் என்பது ஒரு தடவைகூட என் மண்டையில் உறைக்கவில்லை.

"அப்பாவுக்கு," என்றேன்.

"விரலை நீட்டுங்கோ," என்றார் மிஸ், முன்னைவிட மெதுவாக.

ஊசி குத்தியது தெரியவில்லை. விரல் நுனியில் சிவப்பாக ஒரு பொட்டு எழும்பியதைப் பார்த்தேன். எனக்கு ரத்தத்தைக் கண்டால் ஆகாது என்ற விஷயம் அன்றுதான் எனக்கே தெரியும். மேசை விரிப்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். விரிப்போடு மைக்கும் வந்தது.

கண் விழித்தபோது குழந்தைகள் படுக்கும் குட்டி மெத்தையில் கிடந்தேன். முழங்காலுக்குக் கீழே எல்லாம் சிமெண்ட் தரை. தலைமாட்டில் சுவரில் ஒரு மஞ்சள் வாத்து என்னைப் பார்த்துச் சிரித்தது. காதுக்குப் பக்கத்திலேயே மைக் கிடந்தது. அது இன்னும் வேலை செய்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது எதிர்மலை.

"சீனி கூடத்தான் இருக்கு டொக்டர்," என்றார் வதனி மிஸ். 'இருக்கு டொக்டர்' என்று மலை திருப்பிச் சொன்னது.

"ரொட்டி சாப்பிட்டதெண்டு பாத்தாலும் இது கூட." 'இது கூட.'

"இடுப்பையும் ஒருக்கா அளப்பம். சாந்தினி, அந்தப் பக்கம் பிடியுங்கோ."

"டேப் பத்தாது மிஸ். இது புள்ளைங்கள அளக்கிற டேப்பு." 'புள்ளைங்கள அளக்கிற டேப்பு.'

"வயித்தை எக்கச் சொல்லுங்கோ."

"மயங்கிக் கெடக்கிறவரு எப்பிடி மிஸ் எக்குவாரு?"

(நான் விழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கண்ணை மூடியபடியே வயிற்றை எக்கினேன்.)

அப்போது வாசலில் ஒரே ஓட்டமும் சத்தமும். கண்ணைத் திறந்தேன். புஷ்பராணி அக்கா, கூடையைக்கூட இறக்காமல் மலையிலிருந்து ஓடி வந்திருந்தார். பின்னால் அவரோடு கொழுந்து பறித்த பெண்கள் அத்தனை பேரும்.

"ஐயோ, தம்பி போயிட்டாரா?"

"இருக்காருக்கா," என்றாள் சாந்தினி. அப்போதுதான் கவனித்தேன், அவள் கன்னம் நனைந்திருந்தது. அவ்வளவு கேலி பண்ணியவள்தான்.

அக்கா என் பக்கத்தில் குந்தினார். "நேத்துக்கூட என் வாசல்ல நின்னு அவ்வளவு நேரம் பேசுனீங்களே. நல்லாத்தானே இருந்தீங்க?"

"நல்லாத்தான்க்கா இருந்தேன். எங்கப்பாவும் அப்பிடித்தான் இருந்தாரு."

அக்கா எழுந்தார். பிறகு கூடையை இறக்கி வைத்துவிட்டு, வதனி மிஸ்ஸிடம் கையை நீட்டினார். "அப்ப எனக்கும் பாருங்க."

பிரசர் பார்த்த வதனி மிஸ் மறுபடியும் பார்த்தார். பிறகு டாக்டரைக் கூப்பிட்டார். அக்காவுக்கு அடிக்கடி தலை இடிக்குமாம். பனி, கூடைப் பாரம் என்று நினைத்துக்கொண்டு துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே கொழுந்து எடுத்திருக்கிறார். சிங்கள டாக்டர், "பய வென்ன எப்பா," என்று அவர் தோளைத் தட்டினார். பயப்பட வேண்டாம் என்று சொன்னவரின் முகத்தில்தான் பயம் இருந்தது. அந்த வேனிலேயே அக்காவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். வேன் திரும்பி வரும்வரை மடுவத்து வாசலில் வரிசை கலையவில்லை.

புஷ்பராணி அக்கா இன்றைக்கும் மாத்திரை போட்டுக்கொண்டு மலைக்குப் போகிறார். எனக்கு, நிஜமாகவே வெறும் வயிற்றோடு இன்னொரு தடவை பார்த்தார்கள். டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கினார்: "உங்களுக்கு வியாதி இன்னும் வந்தது இல்ல. வர்றதுக்கு ரெடி. இப்ப நீங்க கதவு மூடணும்." என் ரொட்டியை, என் தேத்தண்ணியை, என் த்ரீவீலை, என் அப்பாவை எல்லாம் கேட்டு, எனக்கென்றே ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். சந்திக் கடைக்கு இப்போது நடந்துதான் போகிறேன். மாத்திரை இன்னும் தேவைப்படவில்லை.

ஆனால் வீட்டில் நான் படும் பாடு தீரவில்லை. கல்யாண வீட்டில் கேசரித் தட்டுப் பக்கம் என் கை போனால் போதும், சாந்தினி தொண்டையைச் செருமி, "மைக்கு ஆன்ல இருக்கு," என்பாள். பந்தி முழுக்கச் சிரிக்கும். மச்சான்மார் எதிர்மலை மாதிரி "இருக்கு... இருக்கு..." என்பார்கள்.

போன முறை முகாம் வந்தபோது சீனி நன்றாகக் குறைந்திருந்தது. இடுப்பும்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெளியே ஊரே வரிசையில் நின்றது.

"மிஸ், இத ஒருக்கா மைக்ல சொல்லிடுங்களேன்."

வதனி மிஸ் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "அது எப்பிடித் தம்பி? ஒரு ஆளின்ர சுகத்தைப் பற்றி நாங்கள் வெளியில கதைக்கக் கூடாதெல்லோ."