குசுமி வட்டமாக்கிய புள்ளி

கட்டுப்பாட்டு அறைத் திரையில் எலெக்ட்ரான் கற்றையின் புள்ளி உருளைக்கிழங்கு மாதிரி படுத்துக் கிடந்தது. அது வட்டமாக இருக்க வேண்டும். கற்றையை இயக்கும் குசுமி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இப்போதும் உருளைக்கிழங்குதான்.

போன வாரம் சோதனை செய்ய வந்த குழு, கற்றை சரியில்லை என்று மேலிடத்தில் சொல்லிவிட்டுப் போயிருந்தது. இன்னொரு புகார் வந்தால் அவரைக் குளிர்நீர்க் குழாய்ப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். அங்கே நாள் முழுக்கக் குனிந்தே நிற்க வேண்டும். அவர் இடுப்பு அதற்கு ஒத்துக்கொள்ளாது.

இன்று வந்திருப்பவர் செண்டாய் நகரப் பேராசிரியர் தோகாஷி. நண்பகல்வரை கற்றை அவருடையது. காலையில் அதைக் கீழே அவருடைய சோதனைக் கூடத்துக்குக் கொஞ்ச நேரம் அனுப்பிவிட்டு, பிறகுதான் ஒளிரும் தகட்டில் விழவைத்து அளந்தார் குசுமி. அப்போதுதான் அது உருளைக்கிழங்கு என்று தெரிந்தது. கீழே போன் போட்டார். பேராசிரியரின் உதவியாளர் இசோபே எடுத்தாள்.

"கற்றை கொஞ்சம் சப்பையா இருக்கும்மா. மன்னிக்கணும். சரி பண்ணித் தர்றேன்."

"ஐயோ, பரவாயில்லைங்க சார். நீங்க சிரமப்படாதீங்க."

போனை வைத்தபோது குசுமியின் முகம் வெளுத்திருந்தது.

"என்ன சொன்னாங்கண்ணே?" என்றாள் பக்கத்து நாற்காலி ஓகிதா.

"பரவாயில்லையாம்."

"போச்சு. இவ்வளவு பணிவா பேசறாங்கன்னா அவ்வளவு கோவமா?"

குசுமி குமிழைத் திருகி, கற்றையை ஒடுக்கும் காந்தத்தை அகலவாக்கில் இறுக்கினார். புள்ளி ஒடுங்கியது, ஒடுங்கிய சதையெல்லாம் மேலும் கீழும் பிதுங்கியது. அந்தக் காந்தங்களின் குணம் அப்படி. உருளைக்கிழங்கு எழுந்து நின்று முள்ளங்கியாகிவிட்டது.

அடுத்த காந்தத்தைத் தொட்டார். முள்ளங்கி சாய்ந்து, வால் முளைத்தது.

மறுபடி போன் போட்டார். "இன்னும் கொஞ்ச நேரம்மா."

"அவசரமே இல்லைங்க சார். உடம்பைப் பாத்துக்குங்க."

"உடம்பைப் பாத்துக்கச் சொல்றாங்க," என்றார் குசுமி, குரல் இறங்கி.

"மிரட்டலேதான். ஏண்ணே, குழாய்ப் பிரிவுல பூட்ஸு அவங்களே குடுப்பாங்களா, நாமதான் வாங்கணுமா?"

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு பெட்டி வந்தது. பச்சைச் சோயா அரைத்துப் பூசிய மோச்சி என்ற அரிசி உருண்டைகள். மேலே, 'தங்கள் உழைப்புக்கு நன்றி' என்று பேராசிரியரின் கையெழுத்து.

"இனிப்பு வேற குடுத்து விட்டாங்களா?" ஓகிதா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "மனுஷன் கொதிச்சுப்போயிருக்காருண்ணே."

குசுமி பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் குமிழைப் பிடித்தார். அவசரத்தில் அது கொஞ்சம் அதிகமாகத் திரும்ப, கற்றை தான் ஓடும் குழாயின் சுவரில் மோதி அணைந்தது. திரை இருண்டது. பாதுகாப்புப் பூட்டுகளை விடுவித்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார். ஒரு காந்தத்தில் மயிரிழை கூட்டி, மறு காந்தத்தில் மயிரிழை குறைத்து, அளந்து, திருப்பி அளந்ததில் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது.

நண்பகல் நெருங்கும்போது புள்ளி வட்டமானது. முழுநிலா மாதிரி, சொட்டை சொள்ளை இல்லாமல்.

போனில் சொன்னால் போதாது என்று குசுமி கீழே ஓடினார். பேராசிரியரும் இசோபேயும் சுவரோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் இடுப்பு வலியை மறந்து குனிந்தார்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும். கற்றை தயார்."

பேராசிரியர் எழுந்து அவரைவிடத் தாழக் குனிந்தார். இசோபே தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"காலையில மொதல்ல அனுப்பினீங்களே சார், அந்தச் சப்பைக் கற்றை எங்க அகலமான சோதனைத் தகட்டுக்குக் கச்சிதமாப் பொருந்தி, வேலை அப்பவே முடிஞ்சிருச்சு, நீங்க பாடுபட்டுக்கிட்டு இருக்கறப்ப எந்திரிச்சுப் போனா மரியாதையா இருக்காதுன்னுதான் உக்காந்திருக்கோம், இப்பவாவது நாங்க கிளம்பலாங்களா?"